மலை காணப் போன நாற்பது பேர்

எமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. பெயரிலே மலை இருக்கிறது. ஊரிலே மலை இல்லை. குடாநாட்டின் எந்த மூலையில் நின்று நோக்கினாலும் கோயிற் கோபுரத்தையும் பனையின் வட்டையும் விட உயர்ந்த பொருள் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. அப்படியிருந்தும் எங்கள் சிறு பிள்ளைகளின் கையில் ஒரு கடதாசியையும் வர்ணப் பென்சிலையும் கொடுத்து, “ஒரு காட்சி வரை” என்று சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு மலைகள் எழும். அவற்றின் நடுவே சூரியன் உதிக்கும். அடிவாரத்திலிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். மலையையும் ஆற்றையும் ஒருநாளும் காணாத குழந்தைக்கு இவை எங்கிருந்து வந்தன?

இந்தக் கேள்வி என் மனத்திலே பல காலமாகக் கிடந்தது. சென்ற கிழமை வந்த ஒரு கடிதம் அதனை மீண்டும் கிளறிவிட்டது. இப்பகுதியைத் தவறாது வாசிக்கும் ஓர் அம்மையார் எழுதுகிறார்: “வரும் விடுமுறையிலே பிள்ளைகளும் உறவினருமாக இருபது பேர் ஒரு பஸ் வண்டி பிடித்து மலைநாட்டுக்குப் போக எண்ணியிருக்கிறோம். எங்கே போகலாம், எவற்றைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக எதைச் சொல்லலாம் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.”

இடங்களின் பெயர்களை மாத்திரம் எழுதுவதானால் பத்து வரிகளிலே இக்கட்டுரை முடிந்துவிடும். ஆயினும், 2024ஆம் ஆண்டின் முற்பகுதியிலே எமது கல்லூரி மாணவர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு நான் போய்வந்த பிரயாணத்தை எடுத்துச் சொல்வதே அம்மையாருக்கு நான் கொடுக்கக்கூடிய சரியான மறுமொழி என்று கருதுகிறேன். அந்த நான்கு நாட்களில் மாணவர் கற்றதைப் பார்க்கிலும் ஆசிரியன் கற்றது அதிகம்.

புவியியல் கற்பிப்பவன் நான். ஆனால் நான் மாணவனாயிருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டு தொடக்கம் 2002ஆம் ஆண்டு வரை, கண்டி வீதி எங்களுக்கு அடைபட்டுக் கிடந்தது. கிளாலிக் கடல்நீரேரியைப் படகிலே கடந்தவர்களும், காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறித் திருகோணமலைக்குப் போனவர்களும் உளர். அவையெல்லாம் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு செய்த பிரயாணங்கள். உல்லாசப் பிரயாணம் என்ற சொல்லையே நாங்கள் மறந்திருந்தோம். சமவுயரக் கோடுகளை நெருக்கமாக வரைந்தால் செங்குத்தான சரிவு, விலக்கி வரைந்தால் மென்சரிவு என்று மண்ணெண்ணெய் விளக்கின் முன்னிருந்து மனனம் செய்து, மலைகளைப் பற்றி எழுதி நல்ல புள்ளிகளும் பெற்றேன். மெய்யான மலையொன்றை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு வயது இருபத்திரண்டு. 2002ஆம் ஆண்டு பாதை திறந்ததும் நண்பர்களுடன் பஸ்ஸிலே போகையில், மாத்தளையை நெருங்கும்போது வானத்தின் ஓரத்திலே நீலமாக ஏதோ தெரிந்தது. மழை மேகம் என்று நினைத்தேன். அது அசையவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

என் மாணவர் எவரும் இருபத்திரண்டு வயதுவரை காத்திருக்கக் கூடாது என்ற எண்ணத்தினாலேயே இந்தச் சுற்றுலாவை ஒழுங்கு செய்தேன்.

செலவு பெரிது. கொடுக்கக்கூடியவர் கொடுத்தனர், கொடுக்க இயலாத சிலரின் பங்கைப் பழைய மாணவர்கள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டனர். ஒரு மாணவன் மாத்திரம் பெயர் கொடுக்கவில்லை. அவனை இங்கே ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவன். தாயின் உறவினர் வீடொன்றில் தங்கியிருந்து எமது கல்லூரியில் உயர்தரம் படித்தான். அமைதியான பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டேன்.

“எனக்கு விருப்பமில்லை, சேர்.”

“மலை பார்க்க விருப்பமில்லாத பிள்ளையும் இருக்கிறதா?”

அவன் பேசாமல் நின்றான். காசுதான் காரணம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அவனுடைய பங்கைக் கட்டிவிட்டு, “நீ வருகிறாய், அவ்வளவுதான்” என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது ஒரு நோய். பிள்ளை மௌனமாக நின்றால், அந்த மௌனத்துக்கு உரிய விடையையும் நாங்களே எழுதிப் புள்ளியும் இட்டுவிடுகிறோம்.

அதிகாலையிலே புறப்பட்ட பஸ் ஆனையிறவையும் வவுனியாவையும் கடந்து மதவாச்சியை அடைந்தது. அங்கே மன்னார் வீதி வந்து கண்டி வீதியோடு சேருகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மாணவருக்கு அந்தச் சந்தியைக் காட்டினேன்.

இருநூறு ஆண்டுகளின் முன்பு, 1820களிலே, ஆங்கிலேயர் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். அத்தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். தோணிகளிலே மன்னார்க் கரையில் வந்திறங்கிய அவர்கள், அங்கிருந்து காட்டு வழியே இந்தப் பக்கமாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தனர். தண்ணீர் இல்லை, உணவு போதாது, வாந்திபேதி நோய் பரவிற்று. வழியிலேயே மாண்டவர் ஏராளம். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளைப் பீடித்த நோய் சில ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் முன்பே ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் கண்டியை அடுத்த மலைப்பகுதியில் தேயிலையை நட்டிருந்தார். பயிர் மாறிற்று, பயிரிட்ட கைகள் மாறவில்லை. 2023ஆம் ஆண்டிலே, அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் பாதயாத்திரை சென்றதைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

இவற்றையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவரிற் சிலர் கேட்டனர். சிலர் வடை வாங்கப் போயினர். தம்பி மட்டும் மன்னார் வீதியைப் பார்த்தபடி நின்றதை நான் கண்டேன். வரலாற்றிலே ஆர்வமுள்ள பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு நுவரெலியாவிலே ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கினோம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். குடாநாட்டுப் பிள்ளைகள் தங்கள் வாயிலிருந்து புகை வருவதைக் கண்டு துள்ளிக் குதித்தனர். எங்களுடன் வந்த சமையற்காரர் இராச் சாப்பாட்டுக்குக் கடலை அவியப் போட்டார். ஒரு மணித்தியாலம் சென்றது. ஒன்றரை மணித்தியாலமும் சென்றது. கடலை கல்லாகவே கிடந்தது.

“தண்ணி குமுறிக் குமுறிக் கொதிக்குது, சேர். ஆனால் இந்த ஊர்த் தண்ணிக்கு ரோசம் இல்லை” என்றார் அவர்.

ரோசம் குறைவு என்பது விஞ்ஞான ரீதியாகவும் உண்மைதான். உயரே செல்லச் செல்ல வளியமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறையவே நீர் குறைந்த வெப்பநிலையிற் கொதிக்கத் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலே 100 பாகையிற் கொதிக்கும் நீர் நுவரெலியாவிலே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் வெப்பநிலை ஏறாது. ஆதலால் கடலை வேகப் பிந்தும். பாடப் புத்தகத்தில் இரண்டு ஆண்டுகள் படித்தும் பதியாத இந்த விதி, பசித்த வயிற்றோடிருந்த நாற்பது பேருக்கும் அன்றிரவு நன்றாகப் பதிந்தது. கூட்டமாகப் பிரயாணம் போக விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு சிறு குறிப்பு: மலையிலே கடலை அவிப்பதானால் அமுக்கச் சட்டி கொண்டு செல்லுங்கள், இல்லையேல் முதல்நாளே ஊறவிடுங்கள்.

மறுநாள் இருட்டோடு எழுந்து ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். சமவெளி என்றதும் எமது வன்னி வயல்வெளி போன்ற ஒன்றை எண்ணிவிடலாகாது. 2,100 மீற்றருக்கு மேலே, மலைகளின் தோளிலே விரிந்து கிடக்கும் புல்வெளி அது. சிங்கள மக்கள் அதனை மகா எலிய, அதாவது பெருவெளி, என்று அழைத்தனர். 1834ஆம் ஆண்டிலே அதனைக் கண்ட ஆங்கிலேயர், அப்போது தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை அதற்கு இட்டனர். ஏற்கெனவே பெயருள்ள இடத்துக்கு மறுபெயர் வைத்துவிட்டுக் ‘கண்டுபிடித்தோம்’ என்று எழுதுவது அக்காலத்து வழக்கம்.

வாயிலிலே உத்தியோகத்தர் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தனர். பொலித்தீன் உறை எதுவும் உள்ளே போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருந்த மெல்லிய தாளைக்கூட உரித்து எடுத்துக்கொண்டனர். சில மாணவர் முணுமுணுத்தனர். “இங்கே நீங்கள் எறியும் தாளை மரை விழுங்கினால் அது செத்துப்போகும்” என்று ஓர் உத்தியோகத்தர் தமிழிலே சொன்னார். சிறிது தூரம் போனதும் அந்த மரைகளே பனிப்புகாரில் நின்று எங்களைப் பார்த்தன. அதன் பின்பு முணுமுணுப்பு எழவில்லை.

புல்நுனிகளிலே உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நடக்குமுன் நான் ஒரு விதி விதித்தேன்: கூட்டத்திலே மிக மெல்ல நடப்பவனே முன்னே நடக்கவேண்டும், மற்றவர் எவரும் அவனை முந்தலாகாது. விரைந்து நடப்போர் முன்னே போனால் கூட்டம் இரண்டாகும், பின்பு நான்காகும். கடைசியில் வருபவன் தனியனாகிவிடுவான். முன்னே போனவர்கள் நின்று இளைப்பாறிவிட்டு, அவன் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். இளைப்பாறவேண்டியவனுக்கு இளைப்பாற நேரமே கிடையாது. இளைத்த உடலினனான ஒரு மாணவன் வெட்கத்தோடு முன்னே வந்தான். அன்று அவனே எங்கள் தலைவன்.

சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். காலை எட்டு மணிக்குள் ‘உலக முடிவு’ என்னும் விளிம்பை அடைந்தோம். அங்கே நிலம் திடீரென அறுந்து, ஏறக்குறைய 870 மீற்றர் கீழே விழுகிறது. கீழே மேகங்கள், மேகங்களின் நடுவே தோட்டங்களும், ஒரு வீதியும், தெற்கே விரிந்த சமநிலமும் தெரிந்தன. ஓயாது பேசிக்கொண்டு வந்த நாற்பது வாய்களும் ஒரே சமயத்தில் அடைத்துப்போனதை என் ஆசிரியர் வாழ்வில் அன்றுதான் கண்டேன். ஒன்பதரை மணிக்குப் பனிமூட்டம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பிந்தி வந்த வேறொரு கூட்டத்தினர் வெண்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினர்.

இந்தப் பெருவெளியின் அருமை அதன் அழகோடு முடியவில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர் இங்கும் இதனைச் சூழ்ந்த மலைகளிலுமே பிறக்கிறது. பனிமூட்டம் மரங்களிலே மோதித் துளியாகிறது. துளியைப் பாசியும் புல்லும் கரிய மண்ணும் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழையில்லாத மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. 1873ஆம் ஆண்டிலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டவேண்டாம் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். 1988ஆம் ஆண்டில் இது தேசிய வனமாயிற்று. 2010ஆம் ஆண்டில், மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக, உலக மரபுரிமையில் இடம்பெற்றது. ஆறில்லாத நாட்டிலே கிணற்றை நம்பி வாழும் எங்கள் பிள்ளைகள், ஓர் ஆறு பிறக்கும் இடத்திலே நின்று அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளி முகத்தைக் கழுவினர்.

பிற்பகல் பட்டிப்பொலையிலே புகையிரதம் ஏறினோம். எமது நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் அதுவே. 1,897 மீற்றருக்கும் மேலே அமைந்தது. அதனை அடுத்து ஒரு சுரங்கப்பாதை. சுரங்கத்தின் ஒரு வாயில் மத்திய மாகாணம், மறுவாயில் ஊவா மாகாணம். நாங்கள் மழைத் தூறலோடு உள்ளே புகுந்து வெயிலில் வெளியே வந்தோம். காற்றுமுகப் பக்கம், காற்றொதுக்குப் பக்கம் என்று கரும்பலகையிலே நான் ஆண்டுதோறும் எழுதி அழிப்பதைப் புகையிரதம் இரண்டு நிமிடத்திலே கற்பித்துவிட்டது. ஒகிய, இதல்கஸ்ஹின்ன ஆகிய நிலையங்களைக் கடந்து அப்புத்தளையில் இறங்கினோம்.

இனி, நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் நாட் காலை, அப்புத்தளையை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் வழியே மேலே நடந்துகொண்டிருந்தோம். 1890ஆம் ஆண்டில் அப்பகுதியிலே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்ரன் உட்கார்ந்து பார்த்த இடம் என்று ஓர் உச்சியைக் காட்டுகிறார்கள். அங்கே போவது எங்கள் நோக்கம். கொழுந்து பறித்த பெண்கள், நிறுவைக்காகச் சாக்குகளைச் சுமந்துகொண்டு எதிரே இறங்கி வந்தனர். எங்கள் மாணவர் கைத்தொலைபேசிகளை எடுத்து அவர்களைப் படம் பிடிக்கத் தொடங்கினர். ஒருவரிடமும் கேட்கவில்லை. அப்போது, வகுப்பிலே முதலாவதாக வரும் ஒரு மாணவன், தோட்ட மக்களைக் குறித்து எங்கள் ஊரில் வழங்கும் ஓர் இழிசொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சொல்லை இங்கே எழுத நான் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்து வாசகர் அனைவருக்கும் அது தெரியும். தெரியும் என்பதே எங்கள் குற்றம்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி வரிசையை விட்டு முன்னே போனான். மெல்ல நடப்பவனை முந்தக்கூடாது என்ற என் விதியை அவன் அந்தப் பிரயாணத்திலே மீறியது அந்த ஒரு தரந்தான். எல்லோருக்கும் பின்னால் தள்ளாடி வந்த ஒரு முதியவளின் முன் நின்று, “சாக்கைக் குடுங்க அப்பாயி” என்றான்.

வகுப்பிலே அவன் தன் தந்தையின் தாயை ‘அப்பாச்சி’ என்றே சொல்வான். இந்த ‘அப்பாயி’ என்ற சொல்லை அவன் வாயிலிருந்து நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

முதியவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நம்ம புள்ளையா நீ? எங்கயிருந்து வர்றீங்க?”

“யாழ்ப்பாணத்துல படிக்கிறேன் அப்பாயி. எங்க தாத்தா பதுளைப் பக்கம். எழுபத்தேழு கலவரத்துல வன்னிக்குப் போனாங்க.”

“படிக்கிறியா? நல்லாப் படி சாமி” என்று அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள். அவன் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுவை மடுவத்தை நோக்கி இறங்கினான். இழிசொல் சொன்ன மாணவன் சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். பின்பு, யாரும் ஏவாமலே, இன்னொரு பெண்ணின் சாக்கை வாங்கிக்கொண்டான். அதைச் சுமக்கத் தெரியாமல் இருமுறை சறுக்கினான். பெண்கள் சிரித்தனர், அவனும் சிரித்தான். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. அன்று காலை முழுவதும் நிறுவை மடுவத்தின் முன்னே அவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். தேயிலை நட்ட நிலத்தையே அவர்கள் ‘மலை’ என்கிறார்கள் என்பதை அப்போது அறிந்தோம். விடியற்காலையில் பிரட்டுக்களத்திலே பெயர் கொடுத்துவிட்டு ‘மலைக்குப் போவது’ என்றால் வேலைக்குப் போவது. நாங்கள் பார்க்கப் போன மலை வேறு. அவர்கள் நாள்தோறும் ஏறும் மலை வேறு.

அன்றிரவு தம்பி என்னிடம் வந்தான். “அதுதான் சேர் நான் வரமாட்டன் எண்டனான். இங்க வந்தால் என்ர வாய் என்னைக் காட்டிக் கொடுத்திடும் எண்டு தெரியும்” என்றான். அவன் என்னோடு யாழ்ப்பாணத்துப் பேச்சிலே பேசினான். அத்தனை ஆண்டுகளாகச் சிரமப்பட்டுக் கற்ற பேச்சு. நான் அவனுடைய காசைக் கட்டினேனே தவிர, அவன் சுமந்த பாரம் எது என்று கேட்கவில்லை.

மாணவரை ஒன்றாக இருத்தி, அவர்கள் பாடப் புத்தகத்திலே விரைந்து கடந்து செல்லும் சில ஆண்டுகளைச் சொன்னேன். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு பிரதமர்களும் கணக்குப் பார்த்துக்கொண்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்பு 1974ஆம் ஆண்டிலே சரிபாதியாகப் பிரித்தனர். கணக்கு முடியாமல் நின்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பிரசாவுரிமை வழங்கிற்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின.

இதைச் சொல்லி முடித்த பின்பும் என் நெஞ்சு ஆறவில்லை. ஆகவே, எவருக்கும் அதுவரை சொல்லாத ஒன்றையும் அவர்களுக்குச் சொன்னேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டிலே வேலைக்கு நின்ற ஒரு பெண் பிள்ளை இருந்தாள். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பதினொரு வயது இருக்கலாம். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே அப்படிப் பிள்ளைகள் நின்றார்கள். அதைப் பிழையென்று எவரும் நினைக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போவேன். அவள் முற்றம் கூட்டுவாள். ஒரு நாட் பின்னேரம் முற்றத்து மணலிலே விரலால் ஒரு படம் கீறிக் காட்டினாள். இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே கோடுபோல ஒரு நீண்ட கட்டடம். “இது மலை. இது லயம். இந்தக் கதவுதான் எங்க வீடு” என்றாள். அவ்வளவு உயரமான நிலம் எங்கேயும் இருக்காது என்று நான் சிரித்தேன். அவள் படத்தைக் காலால் அழித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சில மாதங்களின் பின் யாரோ வந்து அவளை அழைத்துச் சென்றார்கள்.

நான் முதன்முதலாகக் கண்ட மலை அதுதான். மாத்தளைக்கருகே பஸ்ஸிலிருந்து கண்டது இரண்டாவது.

மாணவரிடையே ஒருவரும் பேசவில்லை. இழிசொல் சொன்ன அதே மாணவன்தான் முடிவிலே கேட்டான்: “அவவின்ர ஊர் எது, சேர்?”

எனக்குத் தெரியாது. நான் கேட்டதேயில்லை. எமது நாட்டின் மலைகள் அனைத்தின் உயரத்தையும் மனனமாகச் சொல்ல வல்ல புவியியல் ஆசிரியனுக்கு, தன் வீட்டிலேயே வாழ்ந்த ஒரு குழந்தை எந்த மலையிலிருந்து வந்தாள் என்று தெரியாது.

மறுநாள் ஊர் திரும்பினோம். மதவாச்சிச் சந்தியிலே பஸ் நின்றபோது, இம்முறை வடை வாங்க ஒருவரும் அவசரப்படவில்லை. தம்பி தன் பாட்டனார் சொன்ன கதைகளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்; இடையிடையே ‘அப்பாயி’ என்றே சொன்னான்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே ‘டித்வா’ புயல் வந்து, மலைநாட்டிலே மண்சரிவுகள் லயங்களையும் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் சிதைத்தபோது, அந்த நாற்பது பேரிற் பலர் என் வீட்டுக்கு வந்தனர். அரிசி, பருப்பு, கொப்பிகள் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றனர். பெயர்ப் பட்டியலைத் தம்பி எழுதினான். வீடு வீடாகப் போய்ச் சேகரித்தவன் மற்ற மாணவன். இதனைப் பெருமைக்காக எழுதவில்லை. ஒரு மலையைப் படத்திலே மாத்திரம் கண்டவனுக்கு, அது சரிந்தது என்ற செய்தி ஒரு செய்தியே. அங்கே ஒரு முதியவளின் சாக்கைச் சுமந்தவனுக்கு, “அவ இருக்கிறாவோ?” என்று கேட்கத் தோன்றும்.

அம்மையாருக்கு இனி என் ஆலோசனைகளைச் சொல்லலாம். புறப்படுமுன் வீதியும் புகையிரதப் பாதையும் திறந்திருக்கின்றனவா என்று விசாரியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கவனியுங்கள். எச்சரிக்கை உள்ள நாளிலே பிரயாணத்தை ஒத்திவைப்பதில் நட்டம் இல்லை. மாரிக்குப் பின், தை முதல் பங்குனி வரை, ஹோட்டன் சமவெளிக்கு நல்ல காலம், விடியலோடு போய்விடுங்கள். நான்கு நாளில் பத்து இடம் பார்க்க முயலாதீர்கள். மூன்று இடம் போதும். கம்பளி உடுப்பு கொண்டு போங்கள். பொலித்தீனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். மெல்ல நடக்கும் பாட்டியையோ சிறு குழந்தையையோ முன்னே விட்டு, மற்றவர் பின்னே நடவுங்கள். தேயிலையை அது விளையும் ஊரிலேயே வாங்குங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். கேட்டபின் பேர் என்ன, ஊர் எது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அவர்கள் உங்களை விசாரித்தால் மறுமொழி சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியபின் பிள்ளைகளிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து, “ஒரு காட்சி வரை” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலையும் நடுவே சூரியனும் முன்புபோலவே எழும். அவற்றின் கீழே நீண்டதொரு கட்டடமும் அதற்கு ஒரு கதவும் இருக்குமானால், நீங்கள் செலவழித்த பணம் வீண்போகவில்லை.